1919 நவம்பர்: தர்னாவ்ஸ்கி எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்?

1919 நவம்பர் 6 அன்று, ஸியாத்கிவ்சி என்ற சின்ன ரயில் நிலையத்தில், உக்ரேனிய கலிசியப் படையின் பிரதிநிதிகள், போல்ஷ்விக்குகளை எதிர்த்துப் போரிட்ட ரஷ்ய வெள்ளைப்படையின் தளபதி தெனிகினின் ஆட்களோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கலிசியப் படையின் தளபதி மிரோன் தர்னாவ்ஸ்கி. அவருக்கு மேலே இருந்த அரசுத் தலைவர் யெவ்ஹென் பெத்ருஷேவிச்சிடம் அவர் ஒப்புதல் வாங்கவில்லை. ஒரே வாரத்தில் பதவி போனது, வின்னித்சியாவில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். உக்ரேனிய வரலாறு படிக்கிறவர்கள் நூறு வருடம் கழித்தும் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள். துரோகம் என்பது ஒரு கட்சி, வேறு வழியே இல்லை என்பது இன்னொரு கட்சி.

"வேறு வழியே இல்லை" என்பதை நான் ஏற்கவில்லை. வழிகள் இருந்தன, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கலாம். பார்த்த பிறகும் தர்னாவ்ஸ்கி செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதைச் சொல்லும்போது எதை வைத்து அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாட்டைக் காப்பாற்றுவது என்ற அளவுகோலால் அளந்தால் அந்த நவம்பரில் எல்லா வழியும் தோல்விதான். நாட்டுக்கான தேர்வு பிப்ரவரியிலேயே வந்து போய்விட்டது. நவம்பரில் மிச்சமிருந்தது, காய்ச்சலில் கிடக்கும் ஆட்களை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது என்ற ஒரே கேள்வி.

மேற்கு உக்ரேனிய மக்கள் குடியரசு என்ற இந்தக் கலிசிய அரசைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் உலகப் போரின் கடைசியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சரிந்துகொண்டிருந்தது. அதன் கிழக்கு ஓரத்தில் இருந்த கலிசியாவில், கிராமங்களில் உக்ரேனியர்கள் பெரும்பான்மை, ஆனால் தலைநகரான லிவிவில் போலந்துக்காரர்கள்தான் பெரும்பான்மை. நகரத்தில் உக்ரேனியர்கள் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறமாட்டார்கள். 1918 அக்டோபர் 31 நள்ளிரவு, தளபதி திமித்ரோ விதோவ்ஸ்கி தலைமையில் ஆயிரத்துச் சொச்சம் உக்ரேனியச் சிப்பாய்கள் ஊரின் முக்கியமான கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். நவம்பர் 1 காலையில் மக்கள் எழுந்து பார்த்தபோது நகர மன்றக் கோபுரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கொடி பறந்தது. அதே நாளே போலந்துக்காரர்கள் திருப்பிச் சுட ஆரம்பித்தார்கள். மூன்று வாரத் தெருச் சண்டைக்குப் பிறகு உக்ரேனியர்கள் நகரத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. (அடுத்த இரண்டு நாளில் அந்த நகரத்து யூதர்கள் மீது நடந்த கொலையும் கொள்ளையும் தனியாக எழுத வேண்டிய துயரம்.)

அரசு முதலில் தெர்னோபில் போனது, பிறகு ஸ்தானிஸ்லாவிவ் போனது. இப்போது அந்த ஊரின் பெயர் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க். ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த நிலையிலும் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். தேர்தல் சட்டம் எழுதி, போலந்துக்காரர், யூதர், ஜெர்மானியர் என்று சிறுபான்மையினருக்கு இடஒதுக்கீடும் வைத்தார்கள். அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. 1919 ஜனவரி 22 அன்று கீவில், சோஃபியா சதுக்கத்தில், கிழக்கே இருந்த உக்ரேனிய மக்கள் குடியரசோடு ஒன்றிணைவதாகப் பிரகடனம் படித்தார்கள். இரண்டே வாரத்தில், பிப்ரவரி 5 அன்று, கீவ் போல்ஷ்விக்குகளிடம் விழுந்தது.

இந்த இணைப்பில் ஆரம்பத்திலிருந்தே ஒரு முடிச்சு இருந்தது. கீவ்காரர்களுக்கு எதிரி மாஸ்கோ. கலிசியாக்காரர்களுக்கு எதிரி வார்சா. மாஸ்கோவை எதிர்க்க வேண்டுமென்றால் கீவ் அரசின் தலைவர் சைமன் பெத்லூராவுக்குப் போலந்தின் உதவி தேவை. போலந்தை எதிர்க்க வேண்டுமென்றால் கலிசியாவுக்கு ரஷ்யர்களில் யாராவது ஒருவரின் உதவி தேவை, சிவப்போ வெள்ளையோ. காகிதத்தில் ஒரே நாடு, ஆனால் ஒருவரின் கூட்டாளி இன்னொருவரின் எதிரி. இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன், இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1919 பிப்ரவரி நடுவில் கலிசியப் படை லிவிவைச் சுற்றி ஒரு பெரிய தாக்குதலைத் தொடங்கியது. லிவிவுக்குப் போலந்திலிருந்து ஆளும் தளவாடமும் வந்துகொண்டிருந்தது ப்ஷெமிஷிலிலிருந்து வரும் ரயில் பாதையில்தான். அந்தப் பாதையை வெட்டிவிட்டார்கள். நகரம் விழ இன்னும் சில நாள்தான் என்று நம்பிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், பிரெஞ்சு ஜெனரல் பர்த்தெலமி தலைமையில் நேச நாடுகளின் தூதுக்குழு வந்து சண்டையை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்கள். பிப்ரவரி 28 அன்று குழு ஓர் எல்லைக்கோட்டை வரைந்து கொடுத்தது. லிவிவ் போலந்துக்கு, த்ரோஹோபிச்-போரிஸ்லாவ் எண்ணெய் வயல்களும் போலந்துக்கு, அதற்குக் கிழக்கே உள்ளது உக்ரேனியர்களுக்கு. பாரிஸ் மாநாடு முடிவு சொல்லும்வரை இதுதான் இடைக்கால எல்லை.

எண்ணெய் வயல் என்றால் ஏதோ நாலு கிணறு என்று நினைக்க வேண்டாம். 1909-ல் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அடுத்தபடியாக உலகத்திலேயே அதிக எண்ணெய் எடுத்த இடம் கலிசியா. அந்த எண்ணெயை செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் ஹங்கேரிக்கும் கொடுத்துத்தான் இந்தக் குட்டி அரசு துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த எல்லைக்கோட்டை ஏற்றுக்கொண்டால் தலைநகரமும் போகும், கையிலிருக்கும் ஒரே வருமானமும் போகும், அதுவும் ஜெயித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். கிழக்கிலிருந்து பெத்லூராவே ஹோதோரிவ் வந்து, ஏற்றுக்கொள்ளுங்கள், எனக்குப் போல்ஷ்விக்குகளை எதிர்க்கக் கை வேண்டும் என்று கேட்டார். கலிசியாக்காரர்கள் கேட்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் மறுபடி சண்டை. ஆனால் அதற்குள் போலந்துக்குப் புதுப் படை வந்து சேர்ந்துவிட்டது, வெட்டிய ரயில் பாதையும் திரும்பப் போய்விட்டது.

மறுத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன் என்பது வேறு விஷயம். சொந்த ஊரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்க யாருக்குக் கை வரும்? இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது நேரம். நேச நாடுகள் தாங்களே வரைந்த ஒரு கோடு, அதன் ஒரு பக்கத்தில் உக்ரேனிய அரசு என்று ஒன்று இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்ட ஒரு தாள். கலிசிய அரசு வாழ்ந்த காலம் முழுக்க அப்படி ஒரு தாள் கிடைக்கவே இல்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானதும்கூட. மே மாதத்தில் இன்னொரு ஆணையம் வந்தது. தலைவர் லூயி போத்தா, ஆம், காந்தி தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம் நடத்தியபோது அங்கே பிரதமராக இருந்த அதே போத்தா. அவர்கள் வரைந்த கோடு த்ரோஹோபிச் எண்ணெயை உக்ரேனியர்களுக்கே விட்டது. இந்த முறை உக்ரேனியர்கள் சரி என்றார்கள், போலந்து முடியாது என்றது. பிரான்ஸில் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்து, போல்ஷ்விக்குகளை எதிர்க்க என்று சொல்லி அனுப்பப்பட்ட போலந்து ஜெனரல் ஹாலரின் படையைப் போலந்து மே நடுவில் கலிசியா மீது ஏவியது. அப்படியானால் பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மே மாதத்தில் இதேதானே நடந்திருக்கும் என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் கையெழுத்தான கோட்டை மீறுவதும், கோடே இல்லாத இடத்தில் முன்னேறுவதும் பாரிஸில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்காது. ஜூன் 25 அன்று அவர்கள் போலந்துக்குக் கலிசியாவின் கிழக்கு எல்லையான ஸ்புரூச் ஆறுவரை போக அனுமதி கொடுத்தார்கள். பிப்ரவரிக் கையெழுத்து இருந்திருந்தால் அந்த அனுமதி அவ்வளவு லேசாக வந்திருக்காது என்பது என் நம்பிக்கை. நிரூபிக்க முடியாத நம்பிக்கைதான்.

ஜூனில் ஜெனரல் ஹ்ரேகோவ் தலைமையில் சோர்த்கிவிலிருந்து தொடங்கிய எதிர்த்தாக்குதல் மூன்று வாரம் போலந்துப் படையைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது, தோட்டா தீர்ந்ததும் நின்றது. ஜூலை 16, 17 தேதிகளில் படை ஸ்புரூச்சைத் தாண்டி கிழக்கே போனது. ஏறத்தாழ அரை லட்சம் வீரர்கள். அரசுக்கு மண் இல்லை. படை மட்டும்தான் அரசு.

பெத்லூராவின் படையோடு சேர்ந்து ஆகஸ்ட் 30 அன்று கீவுக்குள் நுழைந்தார்கள். மறுநாளே தெனிகினின் வெள்ளைப்படை நீப்பர் பாலங்களைத் தாண்டி உள்ளே வந்தது. நகர மன்றத்தில் உக்ரேனியக் கொடிக்குப் பக்கத்தில் ரஷ்ய மூவர்ணக் கொடி ஏறியது, அதை ஒருவர் பிடுங்கி எறிந்தார், கூட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. அன்றே உக்ரேனியர்கள் வெளியேறிவிட்டார்கள். தலைநகரம் கையில் இருந்தது ஒரு நாள்.

அதற்குப் பிறகு டைபஸ். டைபாய்டு இல்லை, இது வேறு. சீலைப்பேன் பரப்பும் காய்ச்சல். உள்சட்டையின் தையல் மடிப்பில் உட்கார்ந்திருக்கும் பேன், ஆள் காய்ச்சலில் கொதிக்கும்போது சூடு தாங்காமல் பக்கத்தில் படுத்திருப்பவனின் சட்டைக்கு இடம் மாறும். சோப்பும் வெந்நீரும் மாற்றுத் துணியும் இருந்தால் கட்டுப்படுத்திவிடலாம். இலையுதிர்கால மழையில், கோட்டும் பூட்ஸும் இல்லாமல், ஒரே வைக்கோலில் நெருக்கியடித்துப் படுத்துக் கிடந்தவர்களிடம் அந்த மூன்றுமே இல்லை. நேச நாடுகளின் முற்றுகையால் மருந்தும் வரவில்லை. மேற்கே போலந்து, வடக்கிலிருந்து போல்ஷ்விக்குகள், கிழக்கிலும் தெற்கிலும் தெனிகின், தென்மேற்கே எல்லையை மூடிவைத்த ருமேனியா. உக்ரேனியர்கள் இந்த இடத்துக்கு வைத்த பெயர் மரண நாற்கரம். நவம்பர் தொடங்கியபோது சண்டைபோடத் தெம்புள்ளவர்கள் சில ஆயிரம் பேர்தான். மற்றவர்கள் ரயில் பெட்டிகளிலும் பள்ளிக்கூடத் தரைகளிலும் கிடந்தார்கள்.

இந்த நிலையில்தான் தர்னாவ்ஸ்கி முடிவெடுக்க வேண்டியிருந்தது.

முதல் வழி, பெத்லூராவோடே இருப்பது. நேர்மையான வழி என்று பலர் சொல்வது இதைத்தான், ஒன்றிணைந்த உக்ரேன் என்று சத்தியம் செய்திருக்கிறோம் அல்லவா. ஆனால் பெத்லூராவின் தூதர்கள் அப்போதே வார்சாவில் பேசிக்கொண்டிருந்தார்கள், எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்பதைக் கலிசியாக்காரர்கள் மோப்பம் பிடித்திருந்தார்கள். டிசம்பர் 2 அன்று அந்தத் தூதர்கள் ஸ்புரூச்தான் எல்லை என்று எழுதியே கொடுத்தார்கள், அதாவது கலிசியா போலந்துக்கு. 1920 ஏப்ரல் 21 வார்சா ஒப்பந்தம் அதை உறுதியாக்கியது. சொந்த வீட்டை எழுதிக் கொடுக்கப்போகிறவருக்காகக் காய்ச்சலோடு காவல் நிற்கச் சொல்வது எந்தச் சிப்பாயிடமும் கேட்கக்கூடியதில்லை. பெத்லூராவுக்கும் அதனால் கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1921 மார்ச்சில் ரீகாவில் போலந்து சோவியத்தோடு சமாதானம் செய்துகொண்டது, அவருடைய வீரர்கள் போலந்து முகாம்களில் அடைபட்டார்கள்.

பெத்லூரா பக்கம் மிஞ்சியவர்கள் எடுத்த வழி ஒன்றும் உண்டு, அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டிசம்பர் 6 அன்று சில ஆயிரம் பேர் ஜெனரல் ஒமெல்யானோவிச்-பாவ்லென்கோ தலைமையில் எதிரியின் பின்பகுதிக்குள் புகுந்து, நகர்ந்துகொண்டே தாக்கி, 1920 மே 6 வரை தாக்குப்பிடித்தார்கள். குளிர்காலப் படையெடுப்பு என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். அதற்கு நடக்கத் தெரிந்த கால் வேண்டும், குதிரை வேண்டும். ஸ்டிரெச்சரில் கிடப்பவனுக்கு அது வழியே இல்லை.

போலந்திடம் சரணடைவது? ஸ்புரூச்சைத் திரும்பத் தாண்டினால் வீடு, ஆனால் அங்கே காத்திருந்தது சிறை முகாம். அந்த முகாம்களிலும் அதே வருடம் அதே டைபஸ்தான் ஆளைத் தின்றுகொண்டிருந்தது. இதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை.

ருமேனியா வழியாக செக்கோஸ்லோவாக்கியா போவதுதான் பின்னாளில் திரும்பிப் பார்க்கும்போது ஆகச் சிறந்த வழி. மே மாதத்திலேயே போலந்துப் படை துண்டித்துவிட்ட சில பிரிவுகள் கார்பாத்திய மலை தாண்டி அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. செக் அரசு ஆயுதத்தை வாங்கிக்கொண்டு ஜெர்மன்-யாப்லோன்னேயில் முகாம் போட்டுக் கொடுத்தது. படுக்கை, ரொட்டி, கூரை. அங்கே பிழைத்தவர்களில் பலர் பிறகு பிராகில் பட்டம் படித்தார்கள். 1922-ல் பொதேப்ராதியில் தொடங்கிய உக்ரேனிய வேளாண் கல்விக்கழகத்துக்கு மாணவர்கள் கிடைத்ததும் இப்படி வந்தவர்களிடமிருந்துதான். பெத்ருஷேவிச்சின் விருப்பமும் இந்தத் திசையில்தான் இருந்தது. ஆனால் ருமேனியா கதவைத் திறக்கவில்லை. டைபஸ் பிடித்த ஒரு படையை எந்த நாடு உள்ளே விடும்? நல்ல வழி என்பதற்கும் திறந்திருக்கும் வழி என்பதற்கும் இடையில் ஒரு முழு ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

போல்ஷ்விக்குகள். இந்த வழியை நவம்பரில் யாரும் எடுக்கவில்லை, ஆனால் 1920 தொடக்கத்தில் எடுக்க வேண்டியதாயிற்று, அதனால் விளைவு என்னவென்று நமக்குத் தெரியும். வெள்ளைப்படை சிதறி ஓடிய பிறகு நடுவில் அம்போவென்று நின்ற கலிசியப் படையைச் செம்படை மூன்று படைப்பிரிவாக வெட்டித் தன்னோடு சேர்த்துக்கொண்டது, ஒவ்வொன்றுக்கும் கமிஸார்கள், அதாவது கட்சியின் அரசியல் கண்காணிப்பாளர்கள். ஏப்ரலில் போலந்தும் பெத்லூராவும் சேர்ந்து தாக்கியபோது இரண்டு படைப்பிரிவுகள் செம்படையை விட்டுப் போலந்துப் பக்கம் போயின, போலந்து அவர்கள் ஆயுதத்தைப் பறித்து முகாமில் போட்டது. பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் மீது செம்படை பழிதீர்த்தது. தர்னாவ்ஸ்கிக்குப் பிறகு தளபதியான ஓசிப் மிகித்கா செம்படையில் சேர மறுத்தவர். அவரையும் ஜெனரல் சிரித்ஸையும் மாஸ்கோவில் சுட்டுக் கொன்றார்கள்.

மிஞ்சியது தெனிகின். "ஒன்றுபட்ட, பிரிக்கமுடியாத ரஷ்யா" என்று கொடியில் எழுதிக்கொண்டு வந்த ஆள். உக்ரேன் என்று ஒரு நாடு இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் பெத்லூராவின் அரசு அவர்மீது முறைப்படி போர் அறிவித்திருந்தது. அதோடு, அக்டோபரிலேயே ஓரியோலில் செம்படையிடம் தோற்றுப் பின்வாங்க ஆரம்பித்துவிட்டார்; அதாவது தர்னாவ்ஸ்கி போய்ச் சேர்ந்தது சாய்ந்துகொண்டிருக்கும் சுவரில். எதிர்த்துச் சொல்ல இவ்வளவு இருக்கிறது, ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். படை கலையாமல் அப்படியே இருக்கும். பெத்லூராவின் ஆட்களை எதிர்த்துச் சண்டைபோட அனுப்பப்பட மாட்டார்கள். நோயாளிகளுக்கு வெள்ளைப்படையின் பின்பகுதியில் இடமும் சிகிச்சையும். ஒதேசாப் பக்கம் போனால் மருத்துவமனை இருந்தது, துறைமுகம் இருந்தது, இரண்டு மூன்று மாதமாவது குண்டு விழாத கூரை இருந்தது. தெனிகின் கலிசியாவை யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அன்று அவர்களைச் சுற்றி நின்ற நான்கு பேரில், நோயாளியை உள்ளே எடுத்துக்கொள்ள வாய்திறந்து சம்மதம் சொன்னது இவர் ஒருவர்தான்.

கையெழுத்து அந்தச் சமயத்தில் பெத்லூராவின் முன்னணியை உடைத்தது என்பது உண்மை. கலிசியப் படை விலகியதும் அவருடைய படை நிற்கவே முடியாமல் போனது. கிழக்கு உக்ரேனியர்கள் கலிசியாக்காரர்களை நம்பாமல் போனதற்கும், கலிசியாக்காரர்கள் வார்சா ஒப்பந்தத்தைச் சொல்லிப் பதிலுக்குத் திட்டியதற்கும் அந்த நவம்பரும் டிசம்பரும்தான் வேர், அந்தக் கசப்பு வெளிநாட்டுக்குப் பிழைத்துப்போன பிறகும் அவர்களை விடவில்லை. இது பெரிய விலை. இருந்தும், தேதியைக் கவனியுங்கள்: நவம்பர் 6-ல் தர்னாவ்ஸ்கி, டிசம்பர் 2-ல் பெத்லூராவின் தூதர்கள். இருவரும் ஒரே மாதத்துக்குள் மற்றவரின் எதிரியோடு கை குலுக்கினார்கள். ஒருவரை மட்டும் துரோகி என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

வின்னித்சியாவில் விசாரித்த ராணுவ நீதிமன்றமும் தர்னாவ்ஸ்கியைத் துரோகி என்று தீர்க்கவில்லை. விசாரணை நடந்தது நவம்பர் 13, 14. பெத்ருஷேவிச் அந்த நாட்களிலேயே வியன்னாவுக்குக் கிளம்பிவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது, தர்னாவ்ஸ்கியை விலக்கிவிட்டு அவர் இடத்தில் வைத்த மிகித்கா, நவம்பர் 17 அன்று ஒதேசாவில் அதே தெனிகினின் ஆட்களோடு அதே மாதிரி ஒப்பந்தத்தை உறுதிசெய்தார். ஆள் மாறியும் முடிவு மாறவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்களின் எண்ணிக்கை மாறவில்லையே.

வியன்னாவிலிருந்து பெத்ருஷேவிச் மூன்று வருடத்துக்கு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தார். 1923 மார்ச்சில் நேச நாடுகளின் தூதர்கள் மாநாடு கிழக்கு கலிசியாவைப் போலந்துக்கே உரியது என்று முடித்துவைத்தது. அவர் 1940-ல் பெர்லினில் இறந்தார்; தர்னாவ்ஸ்கி அதற்கு முன்பே, 1938-ல், போலந்து ஆட்சியிலிருந்த கலிசியாவிலேயே இறந்து லிவிவின் யானிவ் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். 2002-ல் பெத்ருஷேவிச்சின் எலும்புகளைப் பெர்லினிலிருந்து கொண்டுவந்து அதே லிவிவில் லிச்சாகிவ் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். அரசு விழுந்து எண்பத்து மூன்று வருடம் கழித்து, நவம்பர் 1 அன்று.